தொண்டை வலி எத்தனை நாள் இருக்கும்? முதல் நாள் தொடங்கி மூன்றாம் வாரம் வரை என்ன செய்வது

கோலாலம்பூர், செந்தூலில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். தொண்டையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் "நல்ல மருந்தாகக் கொடுங்கள்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். "என்றைக்குத் தொடங்கியது?" என்று கேட்டால், "ஒரு வாரமாக" என்பார் ஓர் அண்ணன். பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி, "ஞாயிற்றுக்கிழமை இராத்திரிதானே சொன்னீர்கள்" என்பார். அன்று செவ்வாய்க்கிழமையாக இருக்கும்.

இரண்டு நாள் வலிக்குச் செய்ய வேண்டியது ஒன்று, ஒரு வாரத்து வலிக்குச் செய்ய வேண்டியது வேறொன்று. நாள் கணக்குத் தவறினால் அதற்குப் பிறகு எடுக்கும் முடிவெல்லாம் தவறும். இரண்டாம் நாளே ஆன்டிபயாடிக் தேடி அலைகிறவர்களையும் பார்க்கிறேன், நான்காம் வாரத்தில் இன்னும் தொண்டை மிட்டாய் வாங்க வருகிறவர்களையும் பார்க்கிறேன். இரண்டாவது வகையினரை நினைத்தால்தான் எனக்குப் பயம். அதனால் இந்த வழிகாட்டியை நாள் வரிசையில் எழுதுகிறேன்.

தலைப்புக் கேள்விக்கு நேரான பதில்: பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது. முதல் மூன்று நாள்களில் ஏறி, பிறகு இறங்கி, ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்கு மூன்றாம் நாளிலேயே வலி விட்டுவிடுகிறது. எட்டுப் பேருக்கு மேல் ஏழாம் நாளுக்குள் தேறிவிடுகிறார்கள். இது ஆன்டிபயாடிக் சாப்பிடாதவர்களின் கணக்கு. கூடவே வந்த இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கலாம். அதை வைத்து வலி குணமாகவில்லை என்று எண்ண வேண்டாம்.

தொடங்கும் முன் வீட்டில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் வெப்பமானி, பாராசிட்டமால், உப்பு, ஒரு கோவிட் சுயபரிசோதனைக் கருவி, தாளும் பேனாவும். வீட்டில் குழந்தை இருந்தால் மருந்து ஊட்டும் அளவுக் குழல் ஒன்று. இவற்றை நலமாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள். வலி கூடுவது பெரும்பாலும் இரவில். அந்த நேரத்தில் அலமாரியைத் துழாவுகிறவர்களின் கையில் கிடைப்பது போன வருடத்து மிச்ச மருந்துதான்.

1. தொடங்கிய நாளையும் நேரத்தையும் எழுதுங்கள்

முதன்முதலில் விழுங்கும்போது வலித்தது எப்போது என்று எழுதுங்கள். "திங்கள், இரவுச் சாப்பாட்டின்போது" என்ற அளவுக்குப் போதும். திங்கள் முதல் நாள் என்றால் புதன் மூன்றாம் நாள், ஞாயிறு ஏழாம் நாள்.

அதன் கீழே காலை, மாலை உடல் வெப்பத்தைக் குறியுங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்வது எந்த மருத்துவருக்கும் உதவாது. 38 டிகிரியைத் தாண்டியதா, எந்த நாளில் தாண்டியது என்பதுதான் பின்னால் கேட்கப்படும் கேள்வி.

சாப்பிட்ட மாத்திரையையும் நேரத்தோடு எழுதுங்கள். ஏன் என்று ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

2. ஆபத்து அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள்

வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். மூச்சுவிடச் சிரமப்படுகிறாரா? மூச்சை உள்ளிழுக்கும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா? தன் எச்சிலையே விழுங்க முடியாமல் வடிய விடுகிறாரா? வாயைத் திறக்க முடியவில்லையா? வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் அமுங்கிவிட்டதா? ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலித்து, அந்தப் பக்கக் கழுத்து வீங்குகிறதா? காய்ச்சலோடு கழுத்தை மடக்க முடியவில்லையா?

இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுத் திணறல் என்றால் 999-ஐ அழையுங்கள். தொண்டையில் சீழ்க்கட்டி உண்டாவதும், குரல்வளை மூடி வீங்குவதும் இப்படித்தான் தெரியும். இரண்டும் வீட்டில் காத்திருக்கக் கூடியவை அல்ல.

எச்சில் வடித்தபடி மூச்சுக்குத் திணறும் குழந்தையின் வாய்க்குள் கரண்டியை விட்டுப் பார்க்காதீர்கள், படுக்கவும் வைக்காதீர்கள். அந்த வீக்கத்தைச் சீண்டினால் மூச்சுப் பாதை முற்றிலும் அடைபடலாம். அம்மா மடியில் உட்கார்ந்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அடுத்த படியான விளக்கடித்துப் பார்ப்பதை இதற்குப் பின்னால் வைத்திருப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி வந்தாலே மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொரு கூட்டத்தாரும் முதல் நாளே போக வேண்டும். இதைப் பலர் அறிவதில்லை. தைராய்டு சுரப்பு மிகுதிக்குக் கார்பிமசோல், மூட்டு வாதத்துக்கோ சோரியாசிஸுக்கோ மெத்தோட்ரெக்ஸேட், மனநலச் சிகிச்சைக்குக் க்ளோசபின், புற்றுநோய்க்குக் கீமோதெரபி ஆகியவற்றில் ஒன்றை எடுப்பவர்கள் அவர்கள். இந்த மருந்துகள் சிலருக்கு வெள்ளை அணுக்களைச் சட்டென்று குறைத்துவிடும். அதன் முதல் அறிகுறியே தொண்டை வலியும் காய்ச்சலுமாக இருக்கலாம். என் சித்தி கார்பிமசோல் எடுத்துக்கொண்டிருந்தபோது, "வெறும் தொண்டை வலிதானே, ஞாயிறு கழியட்டும்" என்றார். அன்றைக்கே இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். அணுக்கள் இறங்கியிருந்தன, மருந்தை உடனே நிறுத்தச் சொன்னார்கள். ஞாயிறு வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

3. விளக்கடித்துத் தொண்டையைப் பாருங்கள், கழுத்தைத் தொட்டுப் பாருங்கள்

ஆபத்து அறிகுறி எதுவும் இல்லையென்றால், வெளிச்சமான இடத்தில் உட்காரவைத்து, கைபேசி விளக்கை அடித்து, "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். நோயை முடிவு செய்வதற்காக அல்ல. இன்றைக்கு இருப்பது நாளைக்கு மாறுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

தொண்டை வெறுமனே சிவந்து, கூடவே மூக்கொழுகல், தும்மல், இருமல், குரல் கம்மல் இருந்தால் வைரஸ் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். டான்சிலில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் பாக்டீரியாவாகவும் இருக்கலாம், வைரஸாகவும் இருக்கலாம். வெள்ளையைப் பார்த்ததும் ஆன்டிபயாடிக் என்று முடிவெடுக்க வேண்டாம். துர்நாற்றத்தோடு உதிரும் சிறு வெள்ளைக் கற்கள் டான்சில் குழியில் தங்கும் அழுக்கு. அவற்றைக் குச்சியால் தோண்டாதீர்கள், இரத்தம் வரும்.

குழந்தையின் வாயில் சிறு புண்களும், உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளங்களும் சேர்ந்து தெரிந்தால் அது கை, கால், வாய் நோயாக இருக்கலாம். பாலர் பள்ளிக்கு அனுப்பாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். சாம்பல் நிறப் படலம் தொண்டையில் ஒட்டியிருந்தால் டிஃப்தீரியாவாக இருக்கலாம். தடுப்பூசியைத் தவறவிட்ட குழந்தை என்றால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பிறகு தாடைக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கத்தை மெதுவாக அழுத்துங்கள். நெறி கட்டியிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா? இதையும் தாளில் எழுதுங்கள். மூன்றாம் நாள் முடிவுக்கு இந்த விவரம் தேவைப்படும்.

கோவிட் பரிசோதனையையும் இந்தக் கட்டத்திலேயே செய்துவிடுங்கள், முக்கியமாக வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால். முதல் நாள் இல்லை என்று காட்டினாலும் நம்பி விட்டுவிடாமல், 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை செய்யுங்கள். தொடக்கத்தில் வைரஸின் அளவு குறைவாக இருக்கும். கருவிக்கு அது பிடிபடாமல் போகலாம்.

4. வீடு முழுவதற்கும் ஒரே நாளில் வந்ததா?

வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஓரிரண்டு நாள் இடைவெளியில் தாவும். காய்ச்சல் இல்லாமல், கண் எரிச்சலோடு, எல்லோருக்கும் ஒரே நாளில் தொண்டை கரகரத்தால் சன்னலுக்கு வெளியே பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் வரை சுமத்ரா பக்கத்திலிருந்து வரும் புகைமூட்டம் காரணமாக இருக்கலாம்.

சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. அப்போது நாள் கணக்கு செல்லாது. புகை இருக்கும்வரை எரிச்சல் இருக்கும். சன்னலை மூடுங்கள், வெளியே போனால் என்95 முகக்கவசம் அணியுங்கள், ஊதுபத்தியையும் சாம்பிராணியையும் சில நாள்கள் தவிருங்கள்.

5. வலி மாத்திரைக்கு முன் டிங்கியை நினையுங்கள். பிறகு பாராசிட்டமாலை அளவோடு எடுங்கள்

நம் ஊரில் இந்த வரிசை முக்கியம். டிங்கி காய்ச்சலிலும் சிலருக்குத் தொண்டை வலிக்கும். கடும் தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலி, வாந்தி ஆகியவை காய்ச்சலோடு சேர்ந்தால், அதுவும் உங்கள் அடுக்குமாடியில் யாருக்காவது டிங்கி என்று கேள்விப்பட்டிருந்தால், கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

டிங்கி இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனாக், ஆஸ்பிரின், நம் வீடுகளில் பொன்ஸ்தான் என்ற பெயரில் புழங்கும் மெஃபனாமிக் அமிலம் எதையும் தொடாதீர்கள். டிங்கியில் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும். இந்த மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். "போன தடவை பல் வலிக்கு வாங்கியது மிச்சம் இருந்தது" என்று இதையே விழுங்கிவிட்டு வருகிறவர்கள் மாதத்துக்கு இருவராவது இருக்கிறார்கள். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாராசிட்டமால் டிங்கியிலும் எடுக்கக்கூடியது. அதனால்தான் அது முதல் தேர்வு. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு. அடுத்த முறைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம், முடிந்தால் ஆறு மணி நேரம் இடைவெளி. 24 மணி நேரத்தில் எட்டு மாத்திரையைத் தாண்டக்கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்கள், வழக்கமாக மது அருந்துகிறவர்கள், 50 கிலோவுக்குக் குறைவான எடையுள்ளவர்கள் இந்த அளவுக்குக் கீழேயே நிற்க வேண்டும், மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன் எடுத்தால் விழுங்கும் வேளையில் வலி குறைந்திருக்கும். தாங்க முடியாத நிலை வந்தபிறகு எடுத்து, உடனே சாப்பிட உட்கார்ந்து, "மாத்திரை வேலை செய்யவில்லை" என்று அடுத்ததை விழுங்குவது வழக்கமான தவறு.

அதைவிடப் பெரிய தவறு இரட்டிப்பு. பனடோல் எடுத்தவர் கூடவே சளிக் காய்ச்சல் மாத்திரை ஒன்றையும் எடுப்பார். அதிலும் பாராசிட்டமால் இருக்கும். கிளினிக்கில் கொடுத்த வெள்ளை மாத்திரையும் அதுவாகவே இருக்கும். அட்டையின் பின்பக்கத்தில் மருந்தின் பெயரைப் படியுங்கள். நேரத்தை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

குழந்தைக்கு வயதைவிட எடைதான் கணக்கு: ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இங்குள்ள கடைகளில் பாராசிட்டமால் சிரப் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு செறிவில் கிடைக்கிறது. 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம் வேண்டும். முதல் புட்டியில் அது 7.5 மில்லிலிட்டர், இரண்டாவதில் 3.6 மில்லிலிட்டர்தான். பழைய புட்டி தீர்ந்து, புதிதாக வாங்கியது செறிவானதாக இருந்து, அதே 7.5 மில்லிலிட்டரை ஊட்டினால் இரண்டு மடங்கு மருந்து உள்ளே போகும். புட்டி மாறும்போதெல்லாம் எண்ணைப் படியுங்கள். சமையல் கரண்டியால் அளக்காதீர்கள். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

6. உப்புநீரில் கொப்பளியுங்கள்

ஒரு குவளை வெதுவெதுப்பான நீர், அதாவது 250 மில்லிலிட்டர். அரைத் தேக்கரண்டி உப்பு. ஒரு வாய் எடுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, "ஆ" என்று சத்தமிட்டபடி 15 முதல் 30 விநாடி வைத்திருந்து துப்புங்கள். குவளை தீரும்வரை செய்யுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு முறை.

உப்புநீர் வீங்கிய திசுவிலிருந்து நீரை இழுக்கும், ஒட்டியிருக்கும் கோழையைத் தளர்த்தும். வைரஸை அது கொல்லாது. கிடைக்கும் இதம் சிறிது நேரத்துக்குத்தான். உப்பைக் கூட்டினால் பலன் கூடும் என்று நினைத்து இரண்டு கரண்டி போடுகிறார்கள். தொண்டை இன்னும் காய்ந்து எரியும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் துப்பாமல் விழுங்கிவிடக் கூடாது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொப்பளிக்கத் தெரியாது, புரையேறும். விட்டுவிடுங்கள்.

மரத்துப்போகச் செய்யும் தொண்டை மிட்டாயும் தெளிப்பானும் இதே வகைத் தற்காலிக உதவிதான். நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடின மிட்டாய் கொடுத்தால் மூச்சுக்குழாயில் சிக்கும். மிட்டாயில் பெரும்பகுதி சர்க்கரை. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையில்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

7. எது எளிதாக இறங்குகிறதோ அதைக் குடியுங்கள்

இந்தப் படியில்தான் வீட்டில் சண்டை வரும். "ஐஸ் குடித்ததால்தான் வந்தது, இனிமேல் குளிர்ந்த எதையும் தொடாதே" என்பார்கள் பெரியவர்கள். குளிர்ச்சி வைரஸை உண்டாக்காது. வீங்கிய தொண்டையை அது மரத்துப்போகச் செய்யும். சாப்பிட மறுத்து அழும் குழந்தைக்கு ஐஸ்கிரீம் கொடுங்கள் என்று சொன்னால் பாட்டிமார்கள் என்னை முறைக்கிறார்கள். அடுத்த நாள் வந்து, "குடித்துவிட்டான், தூங்கிவிட்டான்" என்கிறார்கள். வெதுவெதுப்பும் சரி, குளிர்ச்சியும் சரி. கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதுதான் தவறு.

குறி ஒன்றுதான்: உடம்பில் நீர் வற்றக்கூடாது. வலிக்கிறது என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் தொண்டை காயும், காய்ந்தால் வலி கூடும், வலி கூடினால் இன்னும் குடிக்க மாட்டோம். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதிய நீர் போகிறது. அடர்ந்து போனாலோ, குழந்தை எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லையென்றாலோ கிளினிக்குக்குப் போங்கள்.

அரிசிக் கஞ்சி, காரம் குறைந்த இரசம், இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்தது, பார்லி தண்ணீர், மசித்த பப்பாளி எல்லாம் ஏற்றவை. மஞ்சள் பாலும் சுக்குக் காப்பியும் குடிக்கலாம், இதம் தரும். அவற்றை நம்பி ஏழாம் நாளைத் தாண்டிவிடாதீர்கள். தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு நாக்கில் தடவும் அளவுகூடத் தேன் கூடாது. பொட்டுலிசம் என்ற நரம்பு நஞ்சேற்றம் வரலாம். நீரிழிவு உள்ளவர்கள் தேனையும் பனங்கற்கண்டையும் மருந்து என்று கணக்கில் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும். இந்த நாள்களில் அடிக்கடி அளந்து பாருங்கள்.

இரண்டு பழக்கங்களை விட்டுவிடக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, கழுத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவது. அது தொண்டைக்குள் போகாது, மென்மையான தோலைப் பொசுக்கும். இன்னொன்று, கொதிநீர்ப் பாத்திரத்தின் முன் போர்வையைப் போர்த்திக் குழந்தைக்கு ஆவி பிடிப்பது. பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். தொண்டை வலி ஒரு வாரத்தில் போய்விடும். அந்தத் தழும்பு போகாது.

8. குரலுக்கும் இரவுக்கும் ஓய்வு

தைப்பூசத்துக்கு மறுநாள் என் கடையில் பாதிப் பேருக்குக் குரலே வராது. பத்துமலையில் இரவெல்லாம் "வேல் வேல்" என்று முழங்கி, புகையும் தூசியும் இழுத்திருப்பார்கள். அவர்களுக்கு மருந்தைவிட இரண்டு நாள் பேச்சைக் குறைப்பதுதான் தேவை. கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வு ஆகாது. குரல் நாண்களை அது இன்னும் இறுக்கும். மெல்லிய குரலில் கொஞ்சமாகப் பேசுங்கள்.

இரவில் குளிர்சாதனத்தின் காற்று முகத்தில் நேராக அடிக்காமல் திருப்பிவிடுங்கள். மூக்கடைப்பால் வாயைத் திறந்து தூங்குகிறவர்களுக்குக் காலையில் வலி கூடுதலாகத் தெரியும். படுக்கும் முன் உப்புநீர்த் தெளிப்பானால் மூக்கைத் திறந்துவிடுங்கள். புகைபிடிப்பதையும் வேப் என்ற மின்சிகரெட்டையும் நிறுத்துங்கள்.

9. மூன்றாம் நாள்: தாளை எடுத்துப் பாருங்கள்

வலி குறையத் தொடங்கியிருந்தால் இதே வழியில் தொடருங்கள். குறையவில்லையென்றால் நான்கு கேள்விகள். காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டியதா? இருமல் இல்லாமல் இருக்கிறதா? டான்சில் வீங்கியோ வெள்ளை படிந்தோ இருக்கிறதா? கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி வலிக்கிறதா?

மூன்று அல்லது நான்குக்கு ஆம் என்றால் ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம், மருத்துவரைப் பாருங்கள். 3 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல், 45-ஐத் தாண்டியவர்களுக்குக் குறைவு. இது மருத்துவர்களும் பயன்படுத்தும் கணக்கு. இருமலும் மூக்கொழுகலும் இருந்து, காய்ச்சல் இல்லையென்றால் ஏழாம் நாள் வரை பொறுக்கலாம். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவதால் மட்டும் பாக்டீரியா என்று ஆகாது.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட்தான். செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடாதீர்கள். தாளைக் கையோடு கொண்டுபோங்கள். வேலைக்குப் போக முடியாமல் எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சான்றிதழ் வாங்கினால் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிடுங்கள்; வேலைச் சட்டம் அதை எதிர்பார்க்கிறது.

10. ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால்

சீட்டு இல்லாமல் அதை என்னால் தர முடியாது. 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டம் அதைத் தடுக்கிறது. "அடுத்த வீட்டு அக்காவிடம் ஐந்து மாத்திரை மிச்சம் இருக்கிறது" என்பதும் வழியல்ல. சுரப்பிக் காய்ச்சல் என்ற வைரஸ் நோய் பாக்டீரியாத் தொற்றைப்போலவே வெள்ளைத் திட்டோடு வரும். அதற்கு அமோக்சிசிலின் சாப்பிட்ட பலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு எழும்புகிறது.

ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குப் பெனிசிலின் வகை மருந்தை வழக்கமாகப் பத்து நாள் கொடுப்பார்கள். இரண்டாம் நாளே வலி விட்டுவிடும். உடனே பலர் மூன்றாம் நாள் தாங்களாகவே மருந்தை நிறுத்திவிடுவார்கள், அது தவறு. பத்து நாள் கொடுப்பது வலிக்காக மட்டும் இல்லை. குழந்தைகளுக்கு இதயத்தின் வால்வுகளைக் கெடுக்கும் வாதக் காய்ச்சல் பின்னால் வராமல் தடுப்பதற்கும்தான். நோய் தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலே அந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது. எழுதிவைத்த தேதி மீண்டும் உதவும் இடம் இது.

பெனிசிலின் ஒவ்வாமை உண்டு என்றால் சீட்டு எழுதும் முன்பே சொல்லுங்கள். மருந்து தொடங்கி 24 மணி நேரம் ஆகி, காய்ச்சலும் விட்டபிறகுதான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அதுவரை மற்றவர்களுக்குத் தொற்றும்.

11. ஏழாம் நாள், அதற்கு அப்பால்

ஏழாம் நாளும் வலி அப்படியே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், முன்பே ஒருமுறை பார்த்திருந்தாலும் சரி. இளம் வயதினருக்கு மிகுந்த அசதியோடு இரண்டு மூன்று வாரம் இழுத்தால் சுரப்பிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனை தேவைப்படும். அதில் மண்ணீரல் வீங்கியிருக்கலாம். மருத்துவர் அனுமதிக்கும்வரை பந்து விளையாட்டும் பாரம் தூக்குவதும் வேண்டாம்.

காலையில் மட்டும் எரிந்து, வாயில் புளிப்பு ஏறினால் வயிற்று அமிலம் மேலே வருகிறது. நள்ளிரவில் மாமாக் கடையில் உணவும் தே தாரிக்கும் முடித்து, வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுகிறவர்களுக்கு இது அதிகம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு உறிஞ்சி பயன்படுத்துகிறவர்கள் வாயைக் கொப்பளிக்காமல் விட்டால் தொண்டையில் பூஞ்சை படரும்.

மூன்று வாரத்தைத் தாண்டிய குரல் கம்மல், ஆறாத வாய்ப்புண், விழுங்கும்போது ஒரே இடத்தில் சிக்குவது, கழுத்தில் வலியில்லாத கட்டி, ஒரு பக்கக் காது வலி, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் காது, மூக்கு, தொண்டை நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். புகைபிடிக்கிறவர்களும் வெற்றிலை பாக்கு போடுகிறவர்களும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. மலேசிய இந்தியர்களிடையே வாய்ப் புற்றுநோய் அதிகம். வெற்றிலை பாக்கு அதற்கு ஒரு முக்கியக் காரணம். தோட்டத்துக் காலத்திலிருந்து பாக்கு மெல்லும் பாட்டி, "சாப்பாடு கொஞ்சம் உறைக்கிறது, அவ்வளவுதான்" என்று சொன்னால், மிட்டாய் வாங்கிக் கொடுப்பதற்கு முன் அவர் வாய்க்குள் விளக்கடித்துப் பாருங்கள். கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தால் அந்த வாரமே பல் மருத்துவரிடமோ கிளினிக்கிலோ காட்டுங்கள்.